மலிவு டேப்லட் வாங்குமுன்: பெட்டியில் எழுதாதவை

இரண்டுக்கும் ஒரே பத்து அங்குலத் திரை. ஒன்றின் பெட்டியில் ‘12 ஜிபி ராம், 512 ஜிபி, 8 கோர், 10000 எம்ஏஎச்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. விலை 250 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பக்கத்தில் இருப்பதில் ‘4 ஜிபி, 64 ஜிபி’ என்று மட்டும்தான். விலை 600 வெள்ளி. சுங்கை சிப்புட் பட்டணத்துக் கைப்பேசிக் கடைகளிலும் இயங்கலை அங்காடிகளிலும் பிள்ளையின் படிப்புக்காக டேப்லட் தேடும் பெற்றோர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திகைத்து நிற்கிறார்கள். எண்ணைப் பார்த்தால் முதலாவது மூன்று மடங்கு பெரியது, விலையோ பாதிக்கும் கீழே. ஆனால் பெரும்பாலும் இரண்டாவதுதான் நாலு வருசம் உழைக்கும். தோட்டத்துச் சம்பளத்தில் 250 வெள்ளி சின்னக் காசு இல்லை. அது ஆறு மாதத்தில் அலமாரிக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விளக்கமும்.

விலை எப்படி இறங்கியது

2010 ஏப்ரலில் ஆப்பிளின் ஐபேட் அமெரிக்காவில் 499 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அமேசானின் கிண்டில் ஃபயர் 199 டாலர். 2012இல் கூகுளும் ஆசூசும் சேர்ந்து கொண்டுவந்த நெக்ஸஸ் 7ம் அதே 199. 2015இல் அமேசான் ஏழு அங்குல ஃபயரை 49.99 டாலருக்கே இறக்கியது. ஐந்தே ஆண்டில் பத்தில் ஒரு பங்கு விலை.

இதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, சிப் செய்யும் நிறுவனங்கள் தங்கள் வேலையை மாற்றிக்கொண்டன. ஆல்வின்னர், ராக்சிப், மீடியாடெக் போன்றவை வெறும் சிப்பை மட்டும் விற்கவில்லை. அதைச் சுற்றி எந்தப் பாகத்தை எங்கே வைக்க வேண்டும் என்ற பலகை வரைபடம், அதில் ஓடத் தயாரான ஆண்ட்ராய்டு மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தன. ஷென்சென் நகரத்தில் திரை, பேட்டரி, பிளாஸ்டிக் மூடி, கேமரா எல்லாம் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். பொறியாளர் படை இல்லாத சின்னத் தொழிற்சாலையும் சில மாதங்களில் டேப்லட் செய்து, கேட்டவர் பெயரை முதுகில் அச்சடித்துக் கொடுக்க முடிந்தது. இன்று நீங்கள் கேள்விப்பட்டிராத இருபது பெயர்களில் விற்பதைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே பலகை இருப்பது இதனால்தான்.

இரண்டாவது காரணம், சில பெரிய நிறுவனங்களுக்கு டேப்லட்டில் லாபம் வேண்டியதில்லை. அமேசான் தன் புத்தகத்தையும் படத்தையும் விற்பதற்காகவே டேப்லட்டை மலிவாகக் கொடுத்தது. பூட்டுத் திரையில் விளம்பரமும் ஓட்டியது. சியாவ்மி 2018இல், தன் வன்பொருள் வியாபாரத்தில் நிகர லாபம் ஒருபோதும் 5 விழுக்காட்டைத் தாண்டாது என்று வெளிப்படையாகவே உறுதி சொன்னது. மிச்ச வருமானம் விளம்பரத்திலும் இணையச் சேவையிலும் வருகிறது. அதனால்தான் சில மலிவுச் சாதனங்களில் கோப்புகளைத் திறக்கும் செயலியில்கூட விளம்பரம் எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் அந்தந்தச் செயலியின் அமைப்பில் ‘பரிந்துரை’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அணைத்துவிடலாம்.

இந்தப் போட்டி நமக்குக் கிடைத்த நன்மை, அதில் ஐயமில்லை. ஆனால் எல்லாரும் ஒரே பொருளைச் செய்யும்போது ஒருவர் மற்றவரை முந்த வழி இரண்டுதான்: விலையைக் குறைப்பது, பெட்டியில் உள்ள எண்ணைப் பெருக்குவது. இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டுமானால், பெட்டியில் எழுதாத பாகத்தில்தான் கத்தி வைக்க முடியும். 2011 அக்டோபரில் இந்தியாவில் மாணவர்களுக்கென்று வந்த ஆகாஷ் டேப்லட் இதற்கு நல்ல பாடம். விலையை உலகமே வியந்தது. உள்ளே இருந்தது 256 எம்பி ராம், விரலால் அழுத்தினால்தான் உணரும் ரெசிஸ்டிவ் திரை. பிள்ளைகளால் அதில் நிம்மதியாகப் படிக்க முடியவில்லை.

ராம்: 12 என்று எழுதி 4 கொடுப்பது

பெட்டியில் ‘12 ஜிபி’ என்று பார்த்தால் உடனே ‘4+8’ஆ என்று கேளுங்கள். ராம் என்பது அடுப்பு மேடை. சேமிப்பு என்பது சாமான் அறை. மேடை சிறியதாக இருந்தால், வேண்டாததை அவ்வப்போது சாமான் அறைக்குக் கொண்டுபோய் வைத்து, வேண்டும்போது திரும்ப எடுத்து வருவார்கள். அந்த 8 ஜிபி இப்படிச் சாமான் அறையில் ஒதுக்கிய மூலைதான். ‘விர்ச்சுவல் ராம்’, ‘விரிவாக்கம்’ என்று பல பெயரில் வரும். உண்மை ராமின் வேகத்துக்கு அது பக்கத்திலும் வராது. அதோடு, சேமிப்புச் சிப்பில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருப்பதால் அதன் ஆயுளும் தேயும்.

பள்ளி வேலைக்கு உண்மை ராம் 4 ஜிபிக்குக் குறையக் கூடாது. டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கில் நுழைந்து கூகுள் வகுப்பறை, மீட் சந்திப்பு, ஒரு பிடிஎஃப் மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் 2 ஜிபி டேப்லட் தடுமாறும்: மீட்டில் ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளை பயிற்சித் தாளைத் திறந்துவிட்டுத் திரும்பினால் சந்திப்பே மூடிக் கிடக்கும். இணையம் கெட்டுவிட்டது என்று நாம் நினைப்போம். கெட்டது இணையம் இல்லை, மேடையில் இடமில்லை.

கடையிலேயே சோதிக்கலாம். ஐந்து செயலிகளை வரிசையாகத் திறந்துவிட்டு முதலாவதற்குத் திரும்புங்கள். விட்ட இடத்திலேயே நின்றால் நல்லது. முதலிலிருந்து ஏற ஆரம்பித்தால் பெட்டியில் சொன்ன ராம் உள்ளே இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். எண்ணையும் பார்க்க வேண்டுமென்றால், அமைப்பில் ‘பில்டு எண்’ணை ஏழு முறை தட்டி டெவலப்பர் பகுதியைத் திறந்து, மெமரி என்ற இடத்தைப் பாருங்கள். ஆனால் ஏமாற்றுச் சாதனங்களில் அமைப்புப் பக்கமே பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். அதனால் எண்ணைவிட ஐந்து செயலிச் சோதனையை நம்புங்கள்.

சேமிப்பு: எவ்வளவு என்பதைவிட எந்த வகை

மலிவு டேப்லட் ‘தூங்கி வழிவது’ பெரும்பாலும் இந்த இடத்தில்தான், ஆனால் இதைப் பற்றிப் பெட்டியில் ஒரு சொல்லும் இருக்காது. சேமிப்புச் சிப்பில் இஎம்எம்சி, யுஎஃப்எஸ் என்று இரண்டு வகை. யுஎஃப்எஸ் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் செய்யும். இஎம்எம்சி ஒன்றை முடித்துத்தான் மற்றதைத் தொடும். செயலி ஒன்று பின்னணியில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது இஎம்எம்சி டேப்லட்டில் விசைப்பலகைகூட எழுத்தைத் தாமதமாகப் போடும். இஎம்எம்சி என்றாலே குப்பை என்று அர்த்தமில்லை. பெயர் பெற்ற நிறுவனங்களும் மலிவு வகையில் அதைத்தான் வைக்கின்றன. பெயரில்லாதவை அதிலும் கழித்துவிட்ட ரகத்தையோ பழையதைக் கழற்றியதையோ வைக்கும்போதுதான் சிக்கல்.

சோதனை எளிது. ஒரு ஜிபி அளவுள்ள காணொளியை டேப்லட்டுக்குள்ளேயே ஓர் உறையிலிருந்து இன்னோர் உறைக்கு நகல் எடுங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அந்தச் சாதனம் வேண்டாம். ‘512 ஜிபி’ என்று போட்டு 250 வெள்ளிக்கு விற்பது உண்மையில் 32 ஜிபியாக இருக்கலாம். நிரம்பியதும் புதுக் கோப்பு பழையதன் மேல் எழுதப்பட்டு, பிள்ளையின் பாடக்குறிப்பும் படங்களும் திறக்காமல் போகும். பெரிய கோப்புகளைப் போட்டு நிரப்பி, முதலில் போட்டதைத் திறந்து பார்த்தால் குட்டு வெளிப்படும். பொருள் வந்த முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள்.

நேர்மையான 64 ஜிபியில் ஆண்ட்ராய்டு தன் பங்கை எடுத்தபின் 45 முதல் 50 ஜிபிதான் கையில் நிற்கும். பள்ளிக்கு அது போதும். ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக வையுங்கள். நிரம்ப நிரம்ப வேகம் குறைவது இந்தச் சிப்புகளின் குணம். மைக்ரோ எஸ்டி அட்டை போட்டால் காணொளிக்கும் பிடிஎஃபுக்கும் உதவும். செயலிகள் பெரும்பாலும் உள்சேமிப்பில்தான் உட்காரும்.

எட்டு கோர் என்றால் என்ன

கோர் என்பது சிப்புக்குள் வேலை செய்யும் ஆள். எட்டுப் பேர் என்று சொன்னால் போதாது, எப்படிப்பட்ட எட்டுப் பேர் என்று தெரிய வேண்டும். ஆர்ம் நிறுவனம் 2012இல் அறிவித்த கார்டெக்ஸ் ஏ53 என்ற சின்ன கோர் இன்றும் மலிவு டேப்லட்டில் ஓடுகிறது. நான்கோ எட்டோ ஏ53 மட்டும் உள்ள சிப்பில் இணையப் பக்கம் திறப்பது மெதுவாகவே இருக்கும். பக்கம் திறக்கும் வேலையின் பெரும்பகுதி ஒன்றிரண்டு கோரின் தலையில்தான் விழுகிறது. மிச்சம் ஆறு பேர் சும்மா நிற்பார்கள். அந்த ஒன்றிரண்டு வலுவாக இருந்தால் போதும்.

அதனால் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், சிப்பின் பெயரைக் கேளுங்கள். யூனிசாக் டி606, டி616, டி618 என்றால் இரண்டு பெரிய ஏ75 கோர், ஆறு சின்ன ஏ55 கோர்; பள்ளி வேலைக்குத் தாராளம். சாம்சுங் கேலக்சி டேப் ஏ8இல் இருந்தது டி618. மீடியாடெக் ஹீலியோ ஜி99இல் இரண்டு ஏ76. இந்த வகுப்பில் நல்ல சிப். கேலக்சி டேப் ஏ9இல் உள்ளது அதுதான். ஸ்னாப்டிராகன் 680 (ரெட்மி பேட் எஸ்இ) நிதானமாக ஓடும், மோசமில்லை. ஆல்வின்னர் ஏ133 என்றால் நான்கு ஏ53. காணொளி பார்க்க மட்டும் ஆகும். ‘8 கோர் 2.0 கிகாஹெர்ட்ஸ்’ என்று மட்டும் எழுதிப் பெயரை மறைத்திருந்தால், மறைத்ததற்குக் காரணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிபியு-இசட் என்ற இலவசச் செயலி சிப்பின் பெயரைக் காட்டும்.

திரை, பேட்டரி

பத்து அங்குலத்தில் 1280 × 800 என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 150 புள்ளி. 1920 × 1200 என்றால் 224. ஆங்கில எழுத்துக்கு முன்னது சமாளித்துவிடும். தமிழில் மெய்யின் புள்ளியும் ‘ணை’, ‘ளு’ போன்றவற்றின் சுழியும் சின்ன அளவில் கரைந்துபோகும். ஏ4 அளவுப் பயிற்சித் தாளை முழுப் பக்கமாக 800 புள்ளி அகலத்தில் காட்டினால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும். காசு கொஞ்சம் கூடினாலும் 1920 × 1200 எடுங்கள் என்றே சொல்வோம். வாங்குமுன் ஒரு தமிழ் பிடிஎஃபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திரையைச் சாய்த்தும் பாருங்கள். நிறம் தலைகீழானால் அது ஐபிஎஸ் (சாய்த்துப் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத) திரை இல்லை.

பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எம்ஏஎச் எண்ணை அதன் வோல்ட் அளவான 3.8ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். 6000 எம்ஏஎச் என்றால் 22.8. 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜர் 10 வாட். இழப்பையும் சேர்த்தால் மூன்று மணி நேரத்தில் நிரம்பும். அதே பேட்டரியைப் பழைய 1 ஆம்பியர் சார்ஜரில் போட்டால் ஆறு மணி நேரம் ஆகும். ‘10000 எம்ஏஎச்’ என்று போட்டது 10 வாட்டில் இரண்டு மணி நேரத்தில் பூஜ்யத்திலிருந்து நிறைந்துவிட்டால், உள்ளே 5000க்கு மேல் இல்லை என்று கணக்கே சொல்லிவிடும்.

சிம் போடலாமா

மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது. ‘சிம் வசதி உண்டு’ என்று விற்கும் பெயரில்லா டேப்லட் பலவற்றில் இருப்பது 3ஜி மட்டும். சிம் போட்டாலும் படிப்புக்கு உதவும் வேகத்தில் இணையம் வராது. 4ஜி அல்லது எல்டிஇ என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தோட்டத்தில் இருப்பவர்கள் இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: பேண்ட் 8 உண்டா? பேண்ட் என்பது 4ஜி ஓடும் அலைவரிசைக்கு வைத்த எண். எட்டாவது 900 மெகாஹெர்ட்ஸ். அலைவரிசை தாழ்வாக இருந்தால் அலை தூரம் போகும், செம்பனை மரங்களையும் சுவரையும் ஓரளவு தாண்டி வரும். பட்டணத்தில் பேண்ட் 3, பேண்ட் 7 போதும். எல்பில் போன்ற தோட்டப் பக்கத்து லயத்து வீட்டுக்குள் பேண்ட் 8 இல்லாவிட்டால் வாசலுக்கு வந்தால்தான் கோடு ஏறும்.

வீட்டில் யாரிடமாவது நல்ல 4ஜி கைப்பேசி இருந்தால் சிம் இல்லாத டேப்லட்டே போதும், ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம். அந்த வித்தியாசக் காசைத் திரைக்குச் செலவழியுங்கள். ஆனால் கைப்பேசியோடு அப்பா வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைக்கு இணையம் இருக்காது. அதை யோசித்து முடிவெடுங்கள்.

உள்ளே யார் இருக்கிறார்கள்

ஆண்ட்ராய்டை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ப்ளே ஸ்டோரையும் கூகுள் செயலிகளையும் முறைப்படி வைக்க வேண்டுமானால் சாதனம் கூகுளின் சோதனையைத் தாண்ட வேண்டும். செலவைக் குறைக்க அதைத் தாண்டாமலே ப்ளே ஸ்டோரை ஒட்டி விற்பவர்கள் உண்டு. பார்ப்பது எப்படி? ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி, அமைப்பு, ‘அறிமுகம்’ என்று போங்கள். ‘சாதனம் சான்றளிக்கப்பட்டது’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். இதில் பேரமே வேண்டாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், 2023இல் ஹியூமன் செக்யூரிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் பேட்பாக்ஸ் என்று பெயரிட்ட மோசடியை வெளிக்கொணர்ந்தது. பெயரில்லாத ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளிலும் டேப்லட்டிலும் விற்பனைக்கு வருமுன்பே தீய மென்பொருள் ஏறியிருந்தது. 2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை எஃப்பிஐ அதன் அடுத்த வடிவத்தைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. அப்படிப்பட்ட சாதனத்தைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டாலும் பயனில்லை, நோய் அடித்தளத்திலேயே இருக்கிறது. அதில் வங்கிச் செயலியைத் திறப்பது கதவைத் திறந்து வைத்துத் தூங்குகிற வேலை.

கூடவே ‘பாதுகாப்புப் புதுப்பிப்பு’ என்ற தேதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14 என்று பளபளக்கும், தேதி இரண்டு வருசத்துக்கு முந்தியதாக இருக்கும். செய்தவர் அதன்பின் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று பொருள்.

வாங்கும் நாளும் அதற்குப் பிறகும்

வைஃபை உள்ள சாதனங்களை இந்நாட்டில் விற்க எம்சிஎம்சி எனும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்றிதழ் வேண்டும். சிரிம் என்ற தரச் சோதனை நிறுவனத்தின் வழியாகக் கொடுக்கப்படும் அந்த முத்திரை பெட்டியிலோ சாதனத்திலோ இருக்கும். சார்ஜருக்கு எரிசக்தி ஆணையத்தின் முத்திரை தனி. மூன்று முனை இல்லாமல் இரண்டு முனையும் ஒரு மாற்றியும் வைத்து அனுப்பினால் அந்த சார்ஜரைப் பயன்படுத்தாதீர்கள். வெளிநாட்டிலிருந்து இயங்கலையில் வரவழைக்கும் 500 வெள்ளி வரையிலான பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பெட்டியைத் திறக்கும்போதே முழுவதையும் காணொளி எடுங்கள். இயங்கலையில் வாங்கியிருந்தால், மேலே சொன்ன சோதனைகளை முடிக்காமல் ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தினால் காசு விற்பவர் கைக்குப் போய்விடும். விளம்பரத்தில் சொன்ன எண்ணையும் திரைக்காட்சியாகச் சேமித்து வையுங்கள். உள்ளூர்க் கடையில் வாங்கி ஏமாந்தால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது இல்லாமல் போனால் வாதாடுவது கடினம், அதனால் ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; இப்போது கொடுக்கும் ரசீது வெயிலில் சில மாதத்தில் வெளுத்துவிடும்.

250தான் இருக்கிறது, அதற்கு மேல் முடியாது என்றால், பெயரில்லாத புதியதைவிடப் பெயருள்ள பழையதே மேல். பழையதில் மூன்று விஷயம் பாருங்கள். முதல் ஆள் தன் கூகுள் கணக்கை உங்கள் கண்ணெதிரே நீக்க வேண்டும். நீக்காமல் அழித்துக் கொடுத்தால் பழைய கடவுச்சொல் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். மேசையில் படுக்க வைத்தால் ஆடக் கூடாது. ஆடினால் பேட்டரி வீங்கியிருக்கலாம். சார்ஜ் வாயில் வடத்தைப் போட்டு மெல்ல அசைத்தால் இணைப்பு விட்டு விட்டு வரக் கூடாது.

கண்ணாடி உடைந்தால் பெயருள்ளதற்கு ஈப்போ வரை போனால் பாகம் கிடைக்க வாய்ப்பு உண்டு. பெயரில்லாததற்கு மாடல் எண்ணைச் சொல்லித் தேடினால் கிடைக்காது. கண்ணாடியிலிருந்து பலகைக்குப் போகும் மெல்லிய நாடாவில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும்.

பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதலில் ஃபேமிலி லிங்க் என்ற கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி வழியாகக் கணக்கு திறந்துவிட்டு, பிறகு டெலிமா கணக்கை இரண்டாவதாகச் சேருங்கள். முறை மாறினால் கட்டுப்பாடு சரியாக உட்காராது. கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் தமிழ் விசைப்பலகையையும் அப்போதே சேர்த்துவிடலாம்.

துத்தநாகக் கூரை வீட்டில் நண்பகல் வெக்கையில் சார்ஜ் போடாதீர்கள், மெத்தை மேல் வைத்து ஒருபோதும் போடாதீர்கள். சூடுதான் பேட்டரியின் முதல் எதிரி. பேராக்கில் மாலை இடி மின்னல் சாதாரணம், வானம் இருட்டினால் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பின்மூடி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. அணைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் கல்தரையில் வைத்து, வீட்டுக் குப்பையில் போடாமல் மின்னியல் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.